கூஃபுவின் பிரமிடைக் கட்டியது எப்படி? பாறை வெட்டுவதிலிருந்து உச்சிக்கல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் மெரெர் என்றொரு படகு மேஸ்திரி இருந்தார். அவருக்குக் கீழே சுமார் 40 ஆட்கள். இன்று துரா கல்குழியில் கல் ஏற்றினோம், ஆற்றில் இறங்கினோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம், மறுநாள் கீசாவில் போய்ச் சேர்ந்தோம் என்று நாள்வாரியாக அந்தக் குழு பாப்பிரஸ் தாளில் கணக்கு எழுதி வைத்தது. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், 2013இல் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு அந்தத் தாள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை இவைதான். மெரெர் ஏற்றிப் போன கல், கீசாவில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்கான கல்.

பிரமிடு என்றாலே வேற்றுக்கிரகவாசி, மறைந்துபோன மந்திர சக்தி என்று பேச்சு போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வேலை செய்தவர்களின் கணக்கேடு இருக்கிறது, அவர்கள் குடியிருந்த ஊர் இருக்கிறது, வெட்டிய குழிகள் இருக்கின்றன, உளியும் எலும்பும் ரொட்டி சுட்ட பானையும்கூட இருக்கின்றன. இவற்றை வைத்து, அந்த வேலை நடந்த வரிசையிலேயே அதைப் பார்த்துவிடலாம். கி.மு. 2560 வாக்கில் முடிந்த கூஃபுவின் பிரமிடையே எடுத்துக்கொள்வோம். தேவைப்படும் இடங்களில் மட்டும் மற்ற பிரமிடுகளைத் தொட்டுவிட்டு வருவோம்.

தொடங்கும் முன்: அப்பா காலத்துத் தவறுகள்

கூஃபுவின் ஆட்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், சக்காராவில் ஜோசர் மன்னனுக்காக முதல் பிரமிடு எழுந்தது. அதைத் திட்டமிட்டவராகச் சொல்லப்படுபவர் இம்ஹோதெப். அதுவரை அரசர் கல்லறை என்றால் மண் செங்கல்லால் கட்டிய தட்டையான மேடைதான். சக்காராவில் அதைக் கல்லால் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு அடுக்குகள் வரை ஏற்றினார்கள். உயரம் சுமார் 62 மீட்டர். கற்கள் சிறியவை. செங்கல்லைக் கையாண்டு பழகியவர்கள் கல்லையும் அதே போலக் கையாண்டிருக்கிறார்கள்.

அப்புறம் வந்தவர் கூஃபுவின் தந்தை ஸ்நெஃப்ரு. இவரிடம்தான் உண்மையான பாடம் இருக்கிறது. மெய்தும் என்ற இடத்தில் படி வடிவப் பிரமிடைச் சரிவான பிரமிடாக மாற்றப் பார்த்தார்கள். வெளி உறையாகச் சேர்த்த பகுதி உள்ளே இருந்த கட்டுமானத்தோடு சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. இன்று அங்கே நிற்பது இடிபாட்டுக் குவியலின் நடுவே ஒரு கோபுரம் மட்டுமே. அடுத்து தாஷூரில், சுமார் 54 பாகைச் சரிவில் இன்னொன்றைத் தொடங்கினார்கள். அடியில் இருந்த தரை வலுவில்லாதது. உள்ளே விரிசல் விழுந்தது, அறைக்குள் தேவதாரு மரத்தூண்கள் கொடுத்து முட்டு வைத்தார்கள். கடைசியில் பாதி வழியில் சரிவை 43 பாகைக்குக் குறைத்து முடித்தார்கள். அதனால்தான் அதற்கு வளைந்த பிரமிடு என்று பெயர். மூன்றாவதாகப் பக்கத்திலேயே சிவப்புப் பிரமிடு. தொடக்கத்திலிருந்தே 43 பாகை, உயரம் சுமார் 105 மீட்டர், முழுதாக நின்றது.

ஒரே மன்னனின் காலத்தில் ஒரு தோல்வி, ஒரு சமாளிப்பு, ஒரு வெற்றி. கூஃபுவுக்குக் கிடைத்த உண்மையான சொத்து, அந்த மூன்றையும் கண்ணால் பார்த்த கைவினைஞர்கள்தான்.

படி 1: இடம் பார்ப்பது

நைல் நதிக்கு மேற்கே, சூரியன் மறையும் பக்கம் இறந்தவர்களின் பக்கம். அது நம்பிக்கை சார்ந்த காரணம். ஆனால் கீசா மேட்டைத் தேர்ந்தெடுத்ததில் பொறியாளரின் கண்ணும் இருக்கிறது. வளைந்த பிரமிடுக்கு வந்த கதி மீண்டும் வரக்கூடாது என்றால் அடியில் ஒரே பாளமாகப் பாறை வேண்டும். கீசா மேடு கெட்டியான சுண்ணாம்புப் பாறை. சுமார் 60 லட்சம் டன் எடையைத் தாங்க வேண்டுமே! அந்தப் பாறையிலேயே கட்டடத்துக்கு வேண்டிய கல்லில் பெரும்பகுதியை வெட்டிக்கொள்ளவும் முடியும்.

மூன்றாவது தேவை தண்ணீர். இன்று பாலைவன ஓரத்தில் நிற்கும் பிரமிடுகளைப் பார்த்தால் இவ்வளவு கல்லை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று தோன்றும். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, லிஷ்ட் முதல் கீசா வரை 31 பிரமிடுகளை ஒட்டி நைலின் கிளை ஒன்று சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியதைக் காட்டியது. மணல் மூடிய அந்தத் தடத்தைச் செயற்கைக்கோள் ரேடார் படங்களும் மண் மாதிரிகளும் வெளிக்கொண்டு வந்தன. பிரமிடு வேலைக்காகக் கால்வாயும் படகுத்துறையும் வெட்டியிருந்தார்கள். வெள்ளக் காலத்தில் நீர்மட்டம் உயரும்போது படகு ஏறத்தாழ மேட்டின் அடிவாரம் வரை வரும். மெரெரின் கணக்கேட்டில் அந்தத் துறைக்குப் பெயரே இருக்கிறது. பிரமிடின் பெயரும் இருக்கிறது: 'கூஃபுவின் அடிவானம்'.

படி 2: அளவும் சரிவும்

அவர்களுடைய அளவுகோல் அரச முழம். சுமார் 52.4 செ.மீ. ஒரு முழத்துக்கு ஏழு உள்ளங்கை அகலம், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு விரற்கடை. ஆக ஒரு முழம் 28 விரற்கடை.

பிரமிடின் பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். மீட்டரில் சொன்னால் பக்கம் சுமார் 230.3, உயரம் சுமார் 146.6. அடித்தளம் மட்டும் 13 ஏக்கர்.

சரிவைப் பாகையில் அவர்கள் அளக்கவில்லை. ஒரு முழம் மேலே போனால் எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ள வேண்டும் என்று பார்த்தார்கள். அந்த அளவுக்கு 'செகெத்' என்று பெயர். நீங்களே போட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் பாதி 220 முழம். அதை 280ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் ஐந்தரை உள்ளங்கை வரும். அதாவது ஒரு முழம் ஏறினால் ஐந்து உள்ளங்கையும் இரண்டு விரற்கடையும் உள்ளே. இவ்வளவுதான் சூத்திரம். ஒரு மர முக்கோணச் சட்டத்தை இந்த அளவில் செய்து கொடுத்துவிட்டால் எந்தக் கல் தச்சரும் எந்த மூலையிலும் அதே சரிவைப் பிடித்துவிடுவார். நவீனக் கணக்கில் இது 51 பாகை 50 கலை (ஒரு பாகையில் 60 கலை). இந்த விகிதத்துக்குள் வட்டக் கணக்கில் வரும் 'பை' என்ற எண் ஒளிந்திருப்பதாகச் சொல்லும் பேச்சுக்கு அவசியமே இல்லை. ஐந்தரை என்ற எளிய எண்ணே வேலையை முடித்துவிடுகிறது.

படி 3: திசை பிடிப்பது, மட்டம் பார்ப்பது

கயிறு பிடித்துத் திசை நிர்ணயிப்பதை எகிப்தியர்கள் ஒரு சடங்காகவே செய்தார்கள். அளவைக்கும் எழுத்துக்கும் உரிய தெய்வமான செஷாத், மன்னனோடு சேர்ந்து கயிற்றை இழுத்துக் கட்டுவதாகக் கோவில் சிற்பங்களில் பார்க்கலாம். சடங்கு ஒருபுறம் இருக்க, அவர்கள் பிடித்த வடக்கு அசர வைக்கிறது. உண்மையான வடக்கிலிருந்து விலகல் ஒரு பாகையின் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காந்த ஊசி இல்லாத காலம் அது. வட துருவத்தைச் சுற்றும் நட்சத்திரங்களைத் தூக்குக் குண்டு கட்டிய கருவியால் குறிவைத்தோ, நட்டு வைத்த கம்பின் நிழல் நுனியைப் பகல் முழுதும் குறித்தோ இதைச் செய்துவிடலாம். இரண்டு முறைகளையும் நவீன ஆய்வாளர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்த அளவு துல்லியம் வெறும் கம்பாலும் கயிற்றாலுமே வரும்.

அடுத்தது மட்டம். இங்கே ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. 13 ஏக்கரையும் அவர்கள் சமன் செய்யவில்லை. நடுவில் இருந்த பாறை மேட்டை அப்படியே விட்டுவிட்டு, சுற்று விளிம்பில் மட்டும் மட்டம் பார்த்தார்கள். வெட்டும் வேலையும் மிச்சம், நிரப்பும் கல்லும் மிச்சம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நடுவே மேடு நிற்பதால் மூலைக்கு மூலை கயிறு கட்டி மூலைவிட்டத்தைச் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு மூலையையும் தனியாக மூலைமட்டம் பிடித்துத்தான் செங்கோணமாக்க வேண்டும். அப்படியிருந்தும் நான்கு பக்கங்களில் நீளமானதற்கும் குட்டையானதற்கும் வித்தியாசம் 20 செ.மீ.க்கும் குறைவு. அடிமேடையின் மட்டம் சுற்றிலும் சுமார் 2 செ.மீ.க்குள் நிற்கிறது.

கருவிகள்? 'ஏ' வடிவ மரச்சட்டம், நடுவில் தொங்கும் குண்டுநூல். நூல் நடுக்குறியில் நின்றால் தரை மட்டம். தரையில் வரிசையாகக் குழி வெட்டிக் கம்பு நட்டு, எல்லாக் கம்பிலும் ஒரே உயரத்தைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் குழிகள் பிரமிடைச் சுற்றி இன்றும் தெரிகின்றன.

படி 4: பொருட்களைச் சேர்ப்பது

ஒரே வகைக் கல்லால் ஆனது பிரமிடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு ஊரிலிருந்து, ஒவ்வொரு காரணத்துக்காக வந்தது.

உள்நிரப்புக் கல், பெரும்பகுதி. பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டர் தொலைவில் உள்ள குழியிலிருந்து வெட்டியது. நாணயம் போன்ற சிறு புதைபடிவங்கள் நிறைந்த சொரசொரப்பான சுண்ணாம்புக்கல். ஓர் ஆள் நின்று கருவியை வீசும் அகலத்துக்கு ஒரு கல்லைச் சுற்றி நான்கு பக்கமும் வாய்க்கால் வெட்டுவார்கள். கீசா பாறையில் கெட்டி அடுக்கும் மெல்லிய களிமண் கலந்த அடுக்கும் மாறி மாறி வரும். அந்த மெல்லிய அடுக்கில் நெம்புகோலைக் கொடுத்தால் கல் அடியோடு பெயர்ந்துவிடும். பாறையின் சுபாவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வரிசைக்கு வரிசை கற்களின் உயரம் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பதற்கும் இந்த அடுக்குகளின் கனமே ஒரு காரணம்.

மேலுறைக் கல், அதாவது பிரமிடின் வெளிமுகத்தைப் போர்த்தும் கல். இதுதான் மெரெரின் சரக்கு. நைலுக்குக் கிழக்கே துரா மலையில், வெண்மையான, மணிமணியாகப் பிரியாத நயமான சுண்ணாம்புக்கல் கிடைத்தது. நல்ல அடுக்கு மலைக்குள் ஆழத்தில் இருந்ததால் சுரங்கம் தோண்டி வெட்டினார்கள். அங்கிருந்து படகில் கீசா. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. இந்தப் போக்குவரத்தோடு மெரெரின் ஏட்டில் அங்க்ஹாஃப் என்ற பெயரும் வருகிறது. கூஃபுவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான இவர்தான் அப்போது மேற்பார்வை பார்த்தவர். தலைமைத் திட்டத்தோடு பொதுவாக இணைத்துப் பேசப்படுபவர் அமைச்சர் ஹெமியுனு.

கருங்கல். சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே அஸ்வானிலிருந்து. மன்னனின் அறைக்கும், வழியை அடைக்கும் கற்களுக்கும் மட்டும். இங்கேதான் பெரிய கேள்வி: இரும்பு இல்லாமல் கருங்கல்லை எப்படி வெட்டினார்கள்? செம்பு உளியால் முடியாது, அது மழுங்கிவிடும். டோலரைட் என்ற, கருங்கல்லைவிடக் கெட்டியான கல் உருண்டைகளை இரண்டு கையாலும் பிடித்து இடித்து இடித்துப் பொடியாக்கினார்கள். அஸ்வானில் பிற்காலத்தில் பாதியில் கைவிட்ட தூண் ஒன்று, சுமார் 42 மீட்டர் நீளம், பாறையோடு ஒட்டியபடியே கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒவ்வொரு ஆளும் இடித்த குழிவு வரிசையாகத் தெரியும். அறுப்பதற்குப் பல் இல்லாத செம்பு ரம்பம். அதன் அடியில் ஈர மணலைப் போட்டு இழுத்தால், உண்மையில் அறுப்பது மணல்தான், செம்பு அதை அழுத்திப் பிடிக்க மட்டுமே. கூஃபுவின் கருங்கல் பேழையில் இந்த ரம்பக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. மரத்துண்டைப் பொருத்தித் தண்ணீர் ஊற்றிக் கருங்கல்லைப் பிளந்தார்கள் என்று அடிக்கடி சொல்வார்கள். அஸ்வானில் காணப்படும் ஆப்புத் துளைகள் இரும்பு வந்த பிற்காலத்தைச் சேர்ந்தவை.

செம்பு, சினாய் தீபகற்பத்திலிருந்து. மெரெரின் தாள்கள் கிடைத்த துறைமுகம் இருந்ததே அங்கே போய்வரத்தான். உளிகள் நாள்தோறும் மழுங்கும், தீட்ட வேண்டும், தேய்ந்ததை உருக்கி மீண்டும் அடிக்க வேண்டும். ஆகவே கல் வேலைக்குப் பக்கத்திலேயே கொல்லுப்பட்டறையும் விறகும் தேவை.

சாந்து. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அவர்கள் சுண்ணாம்பு சுடவில்லை, ஜிப்சத்தைச் சுட்டார்கள். சுண்ணாம்பு சுட ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வேண்டும். ஜிப்சத்துக்குச் சுமார் 150 பாகையே போதும். விறகு அரிதான நாட்டில் இது எவ்வளவு பெரிய சேமிப்பு என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சாந்து பசை போலக் கல்லை ஒட்டுவதற்கு அல்ல. ஈரமாக இருக்கும்போது பல டன் கல் வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் உட்கார உதவும், காய்ந்த பிறகு இடைவெளியை நிரப்பி எடையைச் சமமாகப் பரப்பும். சுட்ட விறகின் கரித்துகள் சாந்தில் கலந்து தங்கிவிட்டது. 1984இலும் 1995இலும் அதை எடுத்துக் கார்பன் காலக்கணிப்பு செய்தார்கள். கிடைத்த காலம் வரலாற்றுக் கணக்கைவிட நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியதாக வந்தது. பழைய மரக்கழிவுகளையும் பொறுக்கி எரித்திருந்தால் அப்படித்தான் வரும். ஆக, எகிப்தின் பழைய அரசுக் காலத்துக் கட்டடம் என்பதில் கரியும் கல்வெட்டும் ஒன்றையே சொல்கின்றன.

மரம். சறுக்குவண்டி, நெம்புகோல், படகு எல்லாவற்றுக்கும். உள்ளூர் வேலமரம் சிறிய வேலைக்கு, பெரிய வேலைக்கு லெபனானிலிருந்து தேவதாரு. பிரமிடின் அருகே 1954இல் குழிக்குள் கிடைத்த கூஃபுவின் படகு 43 மீட்டருக்கும் மேல் நீளம், 1,224 துண்டுகள், பெரும்பாலும் தேவதாரு. அந்தக் காலத் தச்சு வேலையின் தரத்தை அறிய அதுவே போதும்.

படி 5: ஆட்கள்

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு லட்சம் பேர் என்று எழுதினார். அவர் வந்தது பிரமிடு கட்டி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து. இன்று ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது 20,000 முதல் 30,000 வரை. அதில் ஒரு பகுதி நிரந்தரமான கைவினைஞர்கள், மற்றவர்கள் ஊர்களிலிருந்து முறைவைத்து வந்தவர்கள்.

பிரமிடுகளின் தென்கிழக்கே அமெரிக்கத் தொல்லியலாளர் மார்க் லேனரின் குழு அகழ்ந்த ஊரில் நீளமான தங்கும் கூடங்கள், ரொட்டி சுடும் அடுப்புகள், பீர் காய்ச்சும் இடம், குவியல் குவியலாக ஆட்டு எலும்பும் மாட்டு எலும்பும் கிடைத்தன. மாடுகளில் பல இளம் காளைகள். தரமான இறைச்சி. 1990இல் ஒரு குதிரை மண் சுவரில் கால் இடறியதில்தான் தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. அங்கே புதைக்கப்பட்டவர்களின் எலும்பில் முதுகுத் தேய்மானம் இருக்கிறது, உடைந்து நேராகச் சேர்ந்த கைகால்கள் இருக்கின்றன. உடைந்ததை யாரோ கட்டுப்போட்டு, சேரும் வரை சோறு போட்டிருக்கிறார்கள். மன்னனின் பிரமிடு நிழலில் இடம் ஒதுக்கி, ரொட்டியும் பீரும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். சாட்டையடி பட்ட அடிமைக் கூட்டம் என்ற சித்திரத்தை இந்தக் கல்லறைகள் ஏற்கவில்லை. வேலை கடுமை, அதில் சந்தேகம் இல்லை. முறைவேலைக்கு வர மறுக்கும் உரிமை ஒரு கிராமத்தானுக்கு இருந்திருக்காது. ஆனால் அவர்களுக்குப் பெயர் இருந்தது, குழு இருந்தது. 'கூஃபுவின் நண்பர்கள்' என்று ஒரு குழு தன் பெயரைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது.

வேகக் கணக்கு இது. மொத்தம் சுமார் 23 லட்சம் கற்கள், சராசரி இரண்டரை டன். 20 ஆண்டுகள் என்று வைத்தால், நாளுக்கு 315 கல். பத்து மணி நேர வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் வெட்டுவதும் இழுப்பதும் வைப்பதும் ஒரே நேரத்தில் பல குழுக்களாக நடந்ததை நினைத்தால் எட்டக்கூடிய எண்தான்.

படி 6: இழுப்பது, ஏற்றுவது

சக்கரத்தை எகிப்தியர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் இரண்டரை டன்னை ஏற்றிய சக்கரம் மணலில் புதைந்துவிடும். ஆகவே மரச் சறுக்குவண்டி. ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், பெரிய சிலை ஒன்றைச் சறுக்குவண்டியில் வைத்து வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவர் வண்டிக்கு முன்னால் தரையில் தண்ணீர் ஊற்றுகிறார். இது வெறும் சடங்கு என்றே பலர் வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மணலில் சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்கும் விசை பாதியாகக் குறைகிறது. காய்ந்த மணல் வண்டியின் முன்னால் குவியும், ஈர மணல் குவியாது. தண்ணீர் ஊற்றியவர் பாதி ஆட்களின் வேலையைத் தான் ஒருவரே செய்திருக்கிறார்!

மேலே ஏற்றியது சாய்தளங்களில். எந்த வடிவச் சாய்தளம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த விவாதத்துக்குள் போகும் முன் ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். பிரமிடு மேலே போகப் போகக் குறுகுவதால், உயரத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கட்டினாலே மொத்தக் கல்லில் 70 விழுக்காடு வைத்தாகிவிடும். பாதி உயரம் போனால் 87 விழுக்காட்டுக்கும் மேல். அதாவது பெரும்பாலான கற்கள் 50 மீட்டருக்கு மேலே ஏறவே இல்லை. தெற்கே குழியிலிருந்து வரும் ஒரு நேரான சாய்தளம் இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும்.

சிக்கல் மேல்பகுதியில்தான். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் உச்சி வரை நேராகப் போனால் சாய்தளம் ஒன்றரை கிலோமீட்டர் நீளும், அதைக் கட்டும் வேலையே இன்னொரு பிரமிடு அளவுக்கு ஆகும். பக்கங்களை ஒட்டிச் சுற்றிச் சுற்றிப் போனால் பொருள் குறையும், ஆனால் விளிம்புகள் மறைந்துவிடும், மூலையைச் சரிபார்ப்பது கடினம். ஜான்-பியர் ஹூடான் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரமிடுக்கு உள்ளேயே சுற்றுப்பாதை இருந்தது என்கிறார். என் பார்வையில், கீழே அகலமான நேர்ப்பாதை, மேலே பிரமிடை ஒட்டிய குறுகலான பாதை, கடைசி சில மீட்டருக்கு நெம்புகோல் என்ற கலவைதான் வேலைக்காரர்களின் மனதுக்கு ஒத்துவரும்.

2018இல் ஹத்நூப் என்ற இடத்தில், அலபாஸ்டர் என்ற வெளிர்நிறக் கல்லை வெட்டிய குழியில் கிடைத்த ஒரு சாய்தளம் இந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. கூஃபு காலத்தது. சரிவு 20 விழுக்காடு அல்லது அதற்கும் மேல். இரண்டு ஓரத்திலும் படிக்கட்டு, படிக்கட்டை ஒட்டிக் கம்பு நட்ட குழிகள். கம்பில் கயிற்றைச் சுற்றி, மேலே ஒரு கூட்டமும் கீழே ஒரு கூட்டமுமாக இழுத்திருக்கலாம். அவ்வளவு செங்குத்தான பாதையில் ஏற்ற முடிந்தால் சாய்தளத்தின் நீளம் பாதியாகக் குறைந்துவிடும்.

சாய்தளங்கள் எங்கே போயின என்று கேட்பவர்களுக்கு: கல் சில்லு, களிமண், ஜிப்சம் கலந்த அந்தக் குப்பை தெற்கே உள்ள கல்குழியிலேயே மலை மலையாகக் கொட்டப்பட்டுக் கிடந்தது.

படி 7: உள்ளே அறைகள் வைப்பது

அறைகளை முடித்த மலைக்குள் குடையவில்லை, மலை வளர வளரக் கூடவே கட்டினார்கள். பாறைக்குள் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஓர் அறை மட்டும் வெட்டி, பாதியில் விட்டுவிட்டார்கள். ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஈரடிக்கு ஓரடி என்ற சரிவு. மன்னனின் பேழை, ஏறும் வழியின் வாயைவிடச் சற்று அகலம். ஆகவே கூரை போடும் முன்பே பேழையை அறைக்குள் வைத்திருக்க வேண்டும்.

மன்னனின் அறை அடியிலிருந்து சுமார் 43 மீட்டர் உயரத்தில். 20 முழ நீளம், 10 முழ அகலம், முழுக்கக் கருங்கல். கூரையில் ஒன்பது உத்தரக் கற்கள், மொத்தம் ஏறத்தாழ 400 டன். அதற்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து குட்டை அறைகள், எல்லாவற்றுக்கும் மேலே கூரை வடிவில் சாய்த்து வைத்த பெரிய சுண்ணாம்புக் கற்கள், எடையைப் பக்கவாட்டில் தள்ளிவிட. இவ்வளவு செய்தும் உத்தரங்கள் தெற்குச் சுவரோரம் விரிசல் விட்டன. அந்த விரிசலில் பழங்காலச் சாந்துப் பூச்சு இருக்கிறது. கட்டியவர்களே ஏறிப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. குழுப் பெயர்களும் கூஃபுவின் பெயரும் சிவப்பு மையில் இருப்பது அந்தக் குட்டை அறைகளில்தான். பொதுமக்கள் பார்வைக்கு எழுதியதல்ல, கல்லின் கணக்குக்காக எழுதியது.

உள்ளே இன்னும் வெற்றிடங்கள் உண்டு. 2017இல், விண்ணிலிருந்து பொழிந்து கல்லையும் ஊடுருவும் மியூவான் துகள்களைக் கொண்டு, மன்னனின் அறைக்கு ஏறிப்போகும் உயரமான பெரிய மாடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடத்தைக் கண்டார்கள். 2023இல் வடக்கு வாயிலுக்குப் பின்னால் 9 மீட்டர் நீளமுள்ள வழியைக் கேமராவை நுழைத்தே பார்த்துவிட்டார்கள்.

படி 8: மேலுறை, உச்சிக்கல், மெருகு

உள்நிரப்பு வேலை முரடாகத்தான் இருக்கும். கல்லுக்குக் கல் இடைவெளி, நடுவே சாந்தும் சில்லும். துல்லியம் எல்லாம் மேலுறையில். துராவிலிருந்து வந்த கல்லின் அடிப்பக்கத்தையும் இரு ஓரத்தையும் முன்பே இழைத்துவிடுவார்கள். 1880களில் அளந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் பெட்ரி, எஞ்சியிருந்த மேலுறைக் கற்களின் இணைப்பு இடைவெளி சராசரி அரை மில்லிமீட்டர் என்று கண்டார். அந்த இடைவெளிக்குள்ளும் சாந்து இருந்தது.

முகப்பை மட்டும் இழைக்க மாட்டார்கள். சரிவுக்கோட்டைக் கல்லில் குறித்துவிட்டு, அதற்கு வெளியே கூடுதல் கல்லை அப்படியே விட்டுவிடுவார்கள். ஏற்றும்போது ஓரம் உடைந்தாலும் பாதகமில்லை. உச்சிக்கல் வைத்த பிறகு, சாய்தளத்தைக் கழற்றிக்கொண்டே மேலிருந்து கீழாக இழைத்துக்கொண்டு வருவார்கள். இந்தக் கட்டத்தில் பிழை திருத்த இடமில்லை. நான்கு விளிம்புகளும் மேலே ஒரே புள்ளியில் சேர வேண்டும். கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடில் விளிம்புகள் சரியாக ஒத்துவராததால் உச்சிக்குக் கீழே லேசான முறுக்கு விழுந்திருக்கிறது.

கடைசி வேலை வழியை அடைப்பது. ஏறும் வழியில் மூன்று கருங்கல் அடைப்புகளைச் சறுக்கிவிட்டார்கள். அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. வெள்ளை மேலுறைதான் தங்கவில்லை. இடைக்காலத்தில் கெய்ரோ நகரக் கட்டடங்களுக்காகப் பெயர்த்துப் போய்விட்டார்கள். இன்றைய உயரம் சுமார் 138.5 மீட்டர்.

நேரில் போனால் எதை எங்கே பார்க்கலாம்

கீசாவுக்குப் போகிறவர்கள் பெரிய பிரமிடின் வடக்கு அடிவரிசையில் எஞ்சியுள்ள சில மேலுறைக் கற்களைத் தொட்டுப் பாருங்கள். மேலுறை கூட்டமாக மிஞ்சியிருப்பதை காஃப்ரேயின் பிரமிடு உச்சியில் காணலாம், அதைவிட அதிகமாகத் தாஷூரின் வளைந்த பிரமிடில். கல்குழி வாய்க்கால்களுக்குத் தெற்குப் பக்கம் நடக்க வேண்டும்.

நேரம் குறைவு என்றால், மூன்றாவதும் சிறியதுமான மென்காவ்ரேயின் பிரமிடுக்கு நேராகப் போய்விடுங்கள். அதன் கீழ்ப்பகுதி மேலுறை அஸ்வான் கருங்கல். வாயிலைச் சுற்றி மட்டும் மழமழவென்று இழைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிக் கற்கள் புடைத்தபடியே நிற்கின்றன, கூடுதல் கல் வெட்டப்படாமல், சில கற்களில் நெம்புகோல் கொடுப்பதற்காக விட்ட முண்டுகளோடு. இழைத்த கல்லும் இழைக்காத கல்லும் அடுத்தடுத்து இருக்கும் அந்த இடத்தில்தான் ஒரு நாள் உளியைக் கீழே வைத்திருக்கிறார்கள்.